மாமா பெயர் வைக்க இருந்த சங்கு

அந்தச் சங்கு எங்கள் வீட்டில் மொத்தம் நான்கு நாள்தான் இருந்தது. அந்த நான்கு நாளும் நான் காலைத் தொங்கவிட்டு எங்கேயும் உட்காரவில்லை.

குமரி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது இது. எனக்கு எட்டு வயது. கன்னியாகுமரிக்கு மேற்கே கடலை ஒட்டி எங்கள் ஊர். அம்மாவின் தம்பி திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். இவனாவது மீன் நாற்றம் இல்லாமல் பிழைக்கட்டும் என்றுதான் குடும்பமே சேர்ந்து அவரைப் படிக்க அனுப்பியது. மாமாவோ விடுமுறைக்கு வந்த மறுநாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அப்பாவின் கரைவலையில் மீன் போக மிஞ்சும் குப்பையைக் கிளற ஆரம்பித்துவிடுவார். அந்தக் குப்பையில்தான் அது அகப்பட்டது.

கூம்பு போல இருக்கும். என் நடுவிரல் நீளம். தேன் நிறத்தில் சின்னச் சின்ன வெள்ளை முக்கோணங்கள், யாரோ உட்கார்ந்து பொறுமையாக வரைந்தது மாதிரி. மாமா அதை உயிரோடு ஒரு பீங்கான் பேசினில் கடல் தண்ணீர் ஊற்றிப் போட்டு, என் கட்டிலுக்கு எதிரே ஜன்னலோரத்தில் வைத்தார். கல்லூரியிலிருந்து கொண்டுவந்த தடித்த புத்தகத்தைப் பிரித்துவைத்து ஒவ்வொரு படமாக ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று படங்கள் ஏறக்குறைய ஒத்துப்போயின. ஒன்றில் தோள் கூர்மை, ஒன்றில் சுற்று அதிகம், ஒன்றில் வாயின் உட்புறம் ஊதா. இதற்கு வாய் ரோஜா நிறம். இரண்டாம் நாள் மாலை புத்தகத்தை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, இது இந்தப் புத்தகத்திலேயே இல்ல கேட்டியா" என்றார்.

அதன் பிறகு அவர் சாப்பிடவும் மறந்தார். கவராயத்தால் அளந்து, அடிக்கோலில் வைத்துப் பார்த்து எழுதினார். படம் வரைந்து வண்ணம் தீட்டினார். செத்துப்போனால் சதையின் நிறம் மங்கிவிடும், அதனால் உயிரோடு இருக்கும்போதே எல்லாம் எழுதியாக வேண்டும் என்றார். பிறகு அதைக் கெடாமல் போட்டுவைக்க, ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடிக் குப்பி மூடியோடு காத்திருந்தது.

"தொடப்பிடாது. இதுக்கப் பல்லு ஊசி மாதிரி. மீனக் குத்தி, அது அசையாம ஆனபிறகு அப்படியே முழுங்கும். இதுக்க சாதியில ஒண்ணு குத்தி எங்கயோ தீவுல ஒரு ஆளு செத்திருக்கான்."

தொடாதே என்று சொல்ல இவ்வளவு விவரம் வேண்டியதில்லை. அன்றிலிருந்து எனக்கு அந்தப் பேசினைத் தவிர வேறு நினைப்பில்லை. தண்ணீர் அசையாமல் இருக்கும்போது அது வெளியே வரும். முதலில் சிவப்பு வரி போட்ட ஒரு குழல், விரல் மாதிரி நீண்டு எதையோ முகர்ந்து பார்க்கும். அதன் இரண்டு பக்கமும் காம்பு, காம்பில் மிளகளவுகூட இல்லாத கண். அந்தக் கண் என்னைப் பார்ப்பதாகவே தோன்றும்.

நான்காம் நாள் காலையில் கண் விழித்தபோது அது தண்ணீரில் இல்லை. பேசினின் விளிம்பில் ஏறி, குழலை என் கட்டிலை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

மாமா குளிக்கப் போயிருந்தார். அம்மா கடற்கரையில் மீன் எடுக்கப் போயிருந்தாள். இன்றைக்கு இதைக் கடலில் விடாவிட்டால் நாளைக்கு நான் இருக்க மாட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒரு சிரட்டையை அதன் கீழே பிடித்து, விளக்குமாற்றுக் குச்சியால் தள்ளி உள்ளே விழ வைத்தேன். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நடந்தேன். பாறைகள் வரை ஒழுங்காக வந்துவிட்டேன். அங்கே ஒரு பாறையில் ஏறும்போது அது சிரட்டையை விட்டு நழுவப் பார்த்தது. குச்சி கையில் இல்லை. ஆள்காட்டி விரலால் உள்ளே தள்ளினேன்.

கருவேல முள் தைத்தது போல ஒரு சுருக். அவ்வளவுதான். சிரட்டையோடு வீசிவிட்டு ஓடிவந்தேன்.

ரத்தம் இல்லை. ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் லேசாக நீலம். கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். சொன்னால் அடி, சொல்லாவிட்டால் சாவு. எட்டு வயதில் இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரிந்தன. விரல் மரத்தது. பிறகு மணிக்கட்டு. பிறகு உதடு, அது என் உதடே இல்லை என்பது போல.

மாமா வந்து பேசினைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் தேடினார். புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மக்கா, சங்கு எங்க?"

"தெரியாது" என்றேன். ஆனால் அந்தச் சொல் வாயிலிருந்து குழைந்து, குடித்தவன் பேச்சு போல வந்தது.

மாமாவின் முகம் வெளிறிப்போவதை அன்றுதான் பார்த்தேன். மெல்ல என் முன்னால் மண்டியிட்டார்.

"கையக் காட்டு." காட்டினேன். "எப்ப?"

வேறு எதுவும் கேட்கவில்லை. வேட்டியின் ஓரத்தைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, சட்டைகூட இல்லாமல் மணலில் ஓடினார். ரோட்டில் உப்பு ஏற்றிவந்த லாரிக்குக் குறுக்கே நின்று மறித்தார். வழி முழுக்க என்னை மீன் பெயர்களாகச் சொல்லச் சொன்னார். சாளை, அயிலை, நெத்திலி வரைக்கும் சொன்னேன். வாளை வரவில்லை. "சொல்லு மக்கா, வாளை, சொல்லு" என்று அவர் கெஞ்சினார். நாக்கு வாய்க்குள் வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "கடிச்சது என்ன சாதி?"

"தெரியாது டாக்டர். அதுக்கு இன்னும் பேரே இல்ல."

பின்னாலேயே வந்து சேர்ந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பேரில்லாத சாமானையா எனக்க பிள்ளைக்கப் பக்கத்துல கொண்டு வச்ச?"

இதற்கு மருந்து கிடையாது, மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்றார் டாக்டர். அதைக் கேட்ட கொஞ்ச நேரத்தில் என் இமைகள் தாமாக விழுந்தன. தூக்கம் இல்லை. எல்லாம் கேட்டது. அம்மா ஜெபம் சொல்வது, வராந்தாவில் வாளி உரசுவது, யாரோ "பாவம், போயிட்டுதா?" என்று கேட்பது. உள்ளேதான் இருக்கிறேன் என்று கத்தினேன். சத்தம் எனக்குள்ளேயே சுற்றியது. எங்கள் ஊரில் செத்தவர்களைப் பெட்டியில் வைத்து ஆணி அடிப்பார்கள். ஆணி அடிக்கும்போதும் இப்படியே எல்லாம் கேட்குமே என்று நினைத்தேன். வாழ்நாளில் அதற்குப் பிறகு எதற்கும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

நெஞ்சின்மேல் ஒரு கை இருந்தது. மாமாவின் குரல் என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தது. நூறு வரை போகும், மறுபடி ஒன்றிலிருந்து. சில சமயம் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் நடுவே குரல் நின்றுவிடும். அப்போது நான் எப்படியாவது ஒரு மூச்சை இழுத்து அவருக்குக் கொடுப்பேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் என் கால் பெருவிரல் அசைந்தது. எண்ணுவது நின்றது. மாமா என் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நனைந்தது எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அடி விழவில்லை. ஒருநாள் சாயங்காலம் மட்டும், "எந்தப் பாறைப் பக்கம் போட்ட?" என்று மாமா தணிவாகக் கேட்டார். காட்டினேன். மறுநாளிலிருந்து ஒவ்வொரு வற்றத்துக்கும் அவர் அங்கே போனார். தண்ணீர் இறங்கியதும் பாறைப் பொந்துகளில் குனிந்து, கல் கல்லாகப் புரட்டினார். விடுமுறை முடியும்வரை போனார். அடுத்த விடுமுறைக்கும் வந்து போனார்.

எவ்வளவு எழுதியிருந்தாலும், எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும், அந்த உடல் குப்பியில் இருந்தால்தான் ஓர் உயிருக்குப் புதிய பெயர் வைக்க ஒத்துக்கொள்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்தக் காலையில் பாறையடியில் அது இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்திருக்கும் என்பதும் தெரியாது. என்னைக் குத்தியதற்காக மாமா அதைத் தேடிப் பிடித்துக் கொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். கூட்டுக்காரிகளிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

கடைசி நாள் அவர் வெறுங்கையோடு மணலில் ஏறி வந்தார். கால் முழுக்கப் பாறை கீறிய காயம். பார்க்கப் பாவமாக இருந்தது.

"போட்டும் மாமா, விட்டிருங்க. எனக்குத்தான் ஒண்ணும் ஆகல்லியே" என்றேன், பெரிய மனதோடு.

மாமா குனிந்து என் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"ஆமா மக்கா. ஒண்ணும் ஆகல்ல" என்றார்.

அவர் மனதும் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, நான் அவருக்கு முன்னால் வீட்டைப் பார்த்து ஓடினேன்.