ஒரு நாள் கதிருக்குப் பதினாறு நாள் தீட்டு

என் அப்பாவின் மூளைக்கு ஸ்டெம் செல்கள் போய்ச் சேர்ந்தனவா என்று படம் பிடித்துப் பார்த்தவள் நான்தான். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியன் வேலை எனக்கு. அப்பா தென்காசியில் ரிட்டயர்டு ஏட்டு. நான் விரும்பியவரை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, ஒரு பகல் முழுக்க ஜட்டியோடு உட்காரவைத்தவர். அந்த மனிதரையேதான் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு ஐந்து வருடம் அப்பா வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்தன. அம்மா போனில் அழுதாள்.

"ஏட்டி, ஒம் பிள்ளைய ரெண்டு கையாலயும் தூக்கணும்னு அவிய சொல்லுதாவ. ஒங்க ஆஸ்பத்திரில புதுசா என்னமோ ஊசி போடுதாவளாமே."

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். அப்பா அவளைப் பார்த்ததுகூட இல்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. கடைசியில் அவருடைய குடுமி என் கையில் சிக்கிவிட்டது என்றுதான் தோன்றியது.

அந்த ஊசி ஆராய்ச்சி நிலையில் இருந்தது. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, ஸ்டெம் செல்களைப் பிரித்து, அவற்றில் கதிர் வீசும் மருந்தை ஏற்றிக் கை நரம்பு வழியாகச் செலுத்துவார்கள். மண்டையைத் திறக்காமலே, செல்கள் போய்த் தங்கும் இடமெல்லாம் வெளியே இருக்கும் கேமராவுக்குத் தெரியும்.

அப்பாவை மதுரைக்குக் கொண்டுவந்து, ஊசி போட்டு, என் கேமராவுக்குக் கீழே கிடத்தினார்கள். அசையாமல் படுங்கள் என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக நான் சொன்னதைக் கேட்டார். திரையில் நுரையீரல் ஒளிர்ந்தது, கல்லீரல் ஒளிர்ந்தது, மண்ணீரல் ஒளிர்ந்தது. தலை இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது.

"தலைக்குப் போயிருக்கா?" கோணிய வாயில் குழறிக்கொண்டு கேட்டார்.

படத்தைப் பற்றி நோயாளியிடம் டெக்னீஷியன் வாய் திறக்கக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். இத்தனை வருட வேலையில் நான் அதை மீறியதே இல்லை. அன்று மீறினேன்.

"எல்லாம் நெஞ்சுலயும் ஈரல்லயும் நிக்கி. தலையில ஒரு பொட்டுகூட இல்லப்பா. ரெண்டு கை ஆசையெல்லாம் விட்டுருங்க."

வலது கை விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். பிறகு, "ஒத்தக் கை போதும்ட்டி" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். உடம்பில் கதிர் இருக்கிறது, ஒரு நாள் மட்டும் சின்னக் குழந்தையைப் பக்கத்தில் விட வேண்டாம். நான் லீவு போட்டுவிட்டுக் குழந்தையோடு வேறு வண்டியில் அவர்கள் பின்னாலேயே தென்காசிக்குப் போனேன். போனதும் அம்மா அவரைப் பின்னறையில் உட்காரவைத்தாள். தனித் தட்டு, தனித் தம்ளர்.

"ஒடம்புல இருக்குன்னா தீட்டுதான? பதினாறு கழியட்டும். குத்தாலத்துல தலைக்கு ஊத்திக் கூட்டியாந்துட்டுப் பிள்ளையக் குடுப்போம்" என்றாள்.

சொல்லிவிட்டு, படித்தவள் மறுத்துச் சொல்வாள் என்று என் முகத்தைப் பார்த்தாள். அந்த மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகும், மறுநாள் சாயங்காலம் பெயருக்குத்தான் மிஞ்சியிருக்கும். அது என் தொழில். "அதுவும் நல்லதுதாம்மா" என்றேன்.

குழந்தை தவழ்ந்து பின்னறைக் கதவு வரை போவாள். நிலைப்படிக்கு ஒரு சாண் இருக்கும்போதுதான் எழுந்து போய்த் தூக்குவேன். அப்பா குனிந்து வலது கையை நீட்டுவதற்கு நேரம் கொடுத்துத்தான் எழுவேன். தினமும் இது நடந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் எனக்கு அது தித்தித்தது.

பதினாறாம் நாள் கார் பிடித்துக் குற்றாலம் போனோம். நல்ல சீசன். விசில் ஊதி ஆட்களை அருவியிலிருந்து விரட்டும் டூட்டியை அப்பா எத்தனையோ சீசன் பார்த்தவர். அன்று டூட்டியில் இருந்த போலீஸ்காரர் அவரை அடையாளம் கண்டு, ஆண்கள் வரிசையை நிறுத்திவைத்தார். இரண்டு பேர் அவரைச் சேரோடு தூக்கிப் போய்த் தண்ணீர் சிதறும் ஓரத்தில் வைத்தார்கள். திரும்பக் கொண்டுவந்ததும் அம்மா உலர்ந்த வேட்டியைச் சுற்றிவிட்டாள்.

அவர் வலது கையை நீட்டினார்.

பேசாமல் கொடுத்திருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்தபடியே சொன்னேன்: "அப்பா, அந்தக் கதிர் மறுநாளே தீந்துட்டு. பதினாறு நாளெல்லாம் சும்மா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா முகம் மாறவில்லை.

"தெரியும். வீட்டுக்கு வந்த அன்னைக்கே டாக்டருக்குப் போன் போட்டு மறுபடியும் கேட்டேன். ஒரு நாள்தான்னாரு."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீயா கொண்டாந்து தாரியான்னு பாத்தேன்."

குழந்தையை அவர் பக்கம் நீட்டினேன். அவளும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவர்மேல் சாய்ந்தாள். அவர் வலது கையை இழுத்து வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"ஈரமா இருக்கேன், பிள்ளைக்குச் சளி பிடிக்கும். தூக்கிட்டுப் போ" என்றார்.