சுண்ணாம்புக்குள் ஒரு கிரகம்

காவலூருக்கு நான் குடிவந்தபோது படம் வரைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தூரிகையை எடுத்தாலே கை மரத்துப் போகும். ஜவ்வாது மலையில் வாடகை குறைவு, வானம் அதிகம். அது போதும் என்று வந்துவிட்டேன்.

ஊரை ஒட்டியே பெரிய தொலைநோக்கி இருக்கிறது. ஒருநாள் வரிசையில் நின்று அதன் வழியாகச் சனிக்கிரகத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் வெளிச்சுவரில் கரியால் ஒரு வட்டம் போட்டு, வளையத்தையும் இழுத்தேன். சாமை புடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அக்கா முறத்தோடு ஓடிவந்தார்.

"இன்னாம்மா நீ, சனியன யாராவது வூட்டு செவுத்துல குந்த வெப்பாங்களா?"

சரி, யார் ஜாதகத்திலும் இல்லாத கிரகமாகப் போடுவோம் என்று வளையத்தை அழித்துவிட்டு, வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்துக்குப் போய்விட்டேன். அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அக்காவுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

ஓடைக்கரைச் செம்மண்ணைக் கோந்தில் குழைத்துப் பூசினேன். அங்கே கடல் இருக்குமா, மழை என்ன நிறத்தில் பெய்யும் என்று யோசித்து யோசித்தே மார்கழி கழிந்தது. சில நாட்கள் நான் அங்கேயேதான் இருந்தேன், சாப்பாட்டுக்கு மட்டும் மலைக்கு வந்துபோனேன். கை மறுபடி என் கையாகியிருந்தது. சென்னையில் ஒரு கண்காட்சிக்காகச் சுவரைப் புகைப்படம் எடுக்க, பொங்கல் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

போகியன்று போளூர் போய்த் திரும்பினால், சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பண்டிகையும் அதுவுமா உன் வூடு மட்டும் அழுக்கா கெடக்கணுமா? உன் பக்கமும் சேத்து சுண்ணாம்பு அடிச்சுட்டேன். சொட்டு நீலம்கூட கலந்தேன்" என்றார் அக்கா. புருவமெல்லாம் சுண்ணாம்பு.

"படம் போச்சேக்கா."

"அதுக்கின்னா, பண்டிக முடியட்டும், வேற போடேன்."

அவருக்குச் சுவரில் வரைவதும் வாசலில் கோலம் போடுவதும் ஒன்றுதான். எனக்கு ஆத்திரம் வாய்வரை வந்தது. ஆனால் அழுகைதான் வெளியே வந்தது. அதைப் பார்த்து அவர் முகம் செத்துவிட்டது. பொங்கலன்று எனக்குக் கிண்ணத்தில் பொங்கல் வந்தது, அக்கா வரவில்லை.

மாட்டுப் பொங்கல் காலையில் வாசலில் அவர் குரல்.

"யம்மா, ஓடியா! வர்து பாரு, உன் கெரகம் வர்து பாரு!"

வாசல் தெளித்த தண்ணீர் சுவரில் பட்டிருக்கிறது. நனைந்த இடத்தில் சுண்ணாம்பு மங்கி, உள்ளேயிருந்து செம்மண் எட்டிப்பார்த்தது. நான் வரைந்ததைவிட அது தூரத்தில் இருந்தது, மேகத்துக்கு அடியில் மெல்லத் திரும்பியது. வெயில் ஏறியதும் போய்விட்டது. சந்தோஷத்தில் அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

புகைப்படக்காரர் நல்ல வெயிலில் வந்து வெறும் சுவரைப் பார்த்து முழித்தார். அக்கா குடத்தோடு தயாராக நின்றார்.

"நான் ஊத்தறேங்க. காயறதுக்குள்ள எடுத்துக்கோங்க."

படத்தில் பாதிக் கிரகம் வெளிவந்திருக்கிறது. ஓரத்தில் வளையல் போட்ட ஈரக் கை ஒன்று தெரிகிறது. அதை வெட்டிவிடலாமா என்று புகைப்படக்காரர் கேட்டார்.

வேண்டாம், அந்தக் கை இல்லாமல் அங்கே கிரகமே இல்லை என்றேன்.