பழமே இல்லாத வீட்டில் பழவாசம்

எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கனிந்த பழத்தின் வாசம் வந்து மூக்கில் ஏறிக்கொள்ளும். பேரிக்காயையும் பூவன் பழத்தையும் ஒரே கூடையில் போட்டு மூடி, பிறகு அதை அடியோடு மறந்துபோய், ஒருநாள் திறந்து பார்த்தால் குப்பென்று வருமே, அந்த வாசம். முதல்முறை வருகிற விருந்தாளிகள் காபியைக் குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்து பழத்தட்டு வரும் என்ற நம்பிக்கைதான், வேறென்ன. பாவம், தட்டு வராது. எங்கள் வீட்டில் பழம் வாங்குவதே அபூர்வம்; நாளெல்லாம் அந்த வாசத்திலேயே கிடக்கிறவர்களுக்குப் பழத்தின்மேல் ஆசை எங்கிருந்து வரும்?

வாசம் வந்தது வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையிலிருந்து. கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்தோம். அப்பா அந்தக் கொட்டகையில் செண்டுக் கலவை போடுகிறவர். அவரைப் பெற்றவர்கள் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் காலமெல்லாம் கூலிக்குப் போனவர்கள். அப்பா மட்டும் மீசை முளைக்கும் முன்பே டவுனுக்கு வந்து ஒரு செண்டுக் கடையில் வேலைக்கு நின்று, தொழிலைக் கற்றுக்கொண்டு, கல்யாணமான பிறகு தனியாக ஆரம்பித்துவிட்டார். ஊதுபத்தி உருட்டுகிறவர்கள், சின்ன அளவில் சோப்புப் போடுகிறவர்கள், பினாயில் காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் அவரிடம் வருவார்கள். மல்லிகை, ரோஜா, சந்தனம் என்று கொட்டகையில் எத்தனையோ இருந்தாலும் அத்தனையையும் அமுக்கிவிட்டு மேலே வந்து நிற்பது பழவாசம் ஒன்றுதான். அந்தச் சரக்கு வரும் கேனில் 'அமைல் அசிடேட்' என்று தாள் ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பழத்தண்ணி'.

பார்வைக்குக் குழாய்த் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். மூடியைத் திறந்து நேரே முகர்ந்தால் நகப்பூச்சு நெடி அடித்து மூக்கு எரியும். அதையே கொஞ்சூண்டு எடுத்து நிறைய எண்ணெயில் கலந்தால் அந்த நெடி அடங்கி மெல்லப் பழமாக மாறும். அந்த மாற்றத்தைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை நீளநீளமாகக் கத்தரித்து வைத்துக்கொண்டு, அப்பா ஒவ்வொன்றாகக் கலவையில் நனைத்து, காற்றில் ஆட்டி, கண்ணை மூடிக்கொண்டு முகர்வார். மணமகன் பெயர் பாதியும் முகூர்த்த நேரம் பாதியுமாக அறுபட்ட அந்தத் துண்டுகள்தான் என் பாடப் புத்தகங்களுக்குப் பக்கக்குறி. என் சமூக அறிவியல் புத்தகத்தை யாராவது இரவல் வாங்கினால் திருப்பித் தரும்போது ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் தருவார்கள்.

மதியம் ஆவதற்குள் அப்பாவின் மூக்கு வேலைநிறுத்தம் செய்துவிடும். "மூக்கு செத்துப்போச்சு, சித்த இங்க வந்து மோந்து பாரு அம்மணி" என்று என்னைக் கூப்பிடுவார். நான் போய் முகர்ந்து என்ன புண்ணியம்? எனக்கும் ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. வெளியாட்கள் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடும் வாசத்துக்கு நடுவில் நாங்கள் நால்வரும் எதுவும் தெரியாமல் சோறு தின்று தூங்கி எழுந்தோம். எங்கள் துணியில், தலைமுடியில், அம்மா வைக்கிற சாம்பாரில்கூடப் பழத்தண்ணி இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் நாங்கள் வந்து உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் வாழைப்பழத்தைத் தேடியதை நானே பார்த்திருக்கிறேன்.

நாலாவது ஆள் என் தங்கை பூங்கொடி. அந்த வருஷம் அவள் ஒன்றாம் வகுப்பு. சித்திரை வெயில் போய், மழைக்காற்று வீசத் தொடங்கிய பிறகும் அவளுக்குத் தாகம் அடங்கவில்லை. "தண்ணி தவிக்குதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். சொம்பில் கொடுத்தால் போதாமல் குடத்தருகிலேயே போய் உட்கார்ந்துகொள்வாள். எப்போதோ நிறுத்திய படுக்கையை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்தது. நன்றாகத்தான் சாப்பிட்டாள், ஆனாலும் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குப் போட வேண்டியிருந்தது. அம்மா அதை உடம்புச் சூடு என்று எடுத்துக்கொண்டாள். சூட்டுக்கு என்ன செய்வார்கள்? இளநீர், பிறகு வெல்லம் கரைத்த பானகம். பூங்கொடி அதை ஆசை ஆசையாகக் குடித்தாள்.

ஒருநாள் அவளுடைய டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "ஏனுங்க, புள்ள வாயத் தொறந்தா ஒரே பழவாசமா இருக்குதே, முட்டாயி ஏதாச்சும் வாங்கிக் குடுக்கறீங்களா? பல்லு சொத்தையாயிருமுங்க" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டாள். "அட நீங்க வேற டீச்சர். எங்க ஊட்டுல எல்லாத்து மேலயும் அந்த வாசந்தானுங்க. அவங்கப்பன் மேல ஏறிப் படுத்துக்கிறவ, வேற எப்படி இருப்பா?" டீச்சரும் சிரித்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் சிரிப்பு வந்தது. வேறு எந்த வீட்டுக் குழந்தையின் வாயிலிருந்து அந்த வாசம் வந்திருந்தாலும் யாராவது ஒரு கணம் யோசித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அதை யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஆடி நோம்பி வந்தது. கொடுமுடியில் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, இருந்தார். ஆடிப்பெருக்குக்குக் கொட்டகையைப் பூட்டிவிட்டு நாங்கள் எல்லோரும் அங்கே போய்க் காவிரியில் முழுகுவது வழக்கம். எங்களுக்கு நோம்பி ஆற்றில் என்றால் அப்பாவுக்கு நோம்பி மூக்கில். ஊர்க் காற்றுப் பட்டு, ஆற்றில் முங்கி முங்கி எழுந்து, கொட்டகை வாசம் மேலிருந்து போகப்போக அவருடைய மூக்கு திறந்துகொள்ளும். அத்தை வீட்டு மஞ்சள் மூட்டையை முகர்வார், கருவாட்டுக் குழம்பை முகர்வார், ஈரப் படித்துறையைக்கூட முகர்வார். "ஆத்துத் தண்ணிக்கு ஒரு வாசம் இருக்குது தெரியுமா அம்மணி?" என்று எனக்குச் சொல்லிக்காட்டுவார். அந்தச் சில நாட்கள் அவர் சின்னப் பிள்ளையாகிவிடுவார்.

பூங்கொடிக்கு மட்டும் அந்த முறை எதுவும் பிடிக்கவில்லை. வந்ததிலிருந்து சுருண்டு படுத்தாள். பெருக்கன்று காலை வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். பஸ்ஸில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னாள். நேற்றுத் தின்ற எலுமிச்சைச் சோறு என்றார் அத்தை. ஒரு முங்கு போட்டால் தெளிந்துவிடும் என்று ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைக்கு ஊற்றி, துவட்டி, அத்தை எடுத்துக் கொடுத்திருந்த புதுப் பாவாடையைக் கட்டிப் படியில் உட்கார வைத்தபோது அவள் நிற்காமல் ஓடி வந்தவளைப் போல ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள், ஒரே கூட்டம், ஒரே சத்தம். அப்பா ஈர வேட்டியோடு வந்து அவளைத் தூக்கித் தோளில் சாய்த்தார். சாய்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இவ வாயில பழவாசம் வருது."

"உங்க மேல இருக்கறதுதானுங்க" என்றாள் அம்மா, துணியைப் பிழிந்துகொண்டே.

"என்ற மேல எங்க இருக்குது? ஆத்துல குளிச்சுப்போட்டு நிக்கறன். இவளையும் குளிக்க வெச்சாச்சு, துணியும் புதுசு. இது வெளியிருந்து வரல புள்ள. உள்ளிருந்து வருது."

அம்மாவின் கையிலிருந்த துணி ஆற்றோடு போனது. அப்பா பூங்கொடியின் முகத்தைத் திருப்பி, "கண்ணு, பழத்தண்ணியக் குடிச்சுப்போட்டியா? அப்பா வைய மாட்டேன், சொல்லு சாமி" என்று கெஞ்சினார். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். அப்பா படியேறி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அத்தையின் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஈரோட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அப்பா ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தார்: "நாந்தான் கொன்னுபோட்டேன்." அம்மா அவர் வாயைப் பொத்தினாள். முன்சீட்டில் அத்தையின் மடியில் இருந்த எனக்கு, அந்தக் கொட்டகையில் நான் ஆசையாக முகர்ந்ததெல்லாம் விஷம் என்று தோன்றியது. என் தங்கை செத்துப்போகப் போகிறாள், அடுத்து நானும்தான் என்று உறுதியாக நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். அப்பா கும்பிட்ட கையை இறக்காமல் எல்லாவற்றையும் ஒப்பித்தார்: செண்டுக் கொட்டகை, கேன், வாசம், எல்லாம் தன் தப்பு என்று. டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டே பூங்கொடியின் வாயருகில் குனிந்தார், நாடியைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், அம்மாவிடம் தாகத்தைப் பற்றியும் படுக்கை நனைவதைப் பற்றியும் கேட்டார். உள்ளே போனவர் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார்.

"புள்ள எதையும் குடிக்கலீங்க. இது சர்க்கரை வியாதி. இனி ஆயுசுக்கும் ஊசி போடோணும். சின்னப் புள்ளைங்களுக்கும் வருமுங்க. இன்சுலின் சுரக்காததால ஒடம்பு கொழுப்ப எரிக்குது, அப்ப ரத்தத்துல அசிட்டோன் சேரும். அந்த வாசந்தான் இது."

அசிட்டோன் அப்பாவுக்குத் தெரிந்த பெயர். கொட்டகையில் ஒரு டின்னில் அதுவும் இருந்தது. அவர் முகம் இன்னும் வெளுத்தது. "அதுவும் என்றகிட்ட இருக்குதுங்க டாக்டரம்மா."

"ஏனுங்க, சொல்றது புரியலீங்களா? உங்க கொட்டகையில இருந்து வரல. அவ ஒடம்பே உண்டாக்குது. நீங்க செஞ்சதில்ல இது."

அப்பா அந்த நடையிலேயே, சுவரோரம் தரையில் உட்கார்ந்து அழுதார். மகளுக்கு ஆயுளுக்கும் ஊசி போட வேண்டிய வியாதி என்று கேட்டுவிட்டு ஒரு மனிதர் நிம்மதியில் அழுததைப் பார்த்த நர்ஸ் குழம்பிப்போயிருப்பார். டாக்டர் போகிற போக்கில் இன்னொன்றையும் கேட்டார்: "இந்த வாசம் நாலஞ்சு நாளாவே வந்திருக்குமே, ஊட்டுல ஆருமே கவனிக்கலீங்களா?" அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் பூங்கொடி கண்ணைத் திறந்தாள். குழாயில் மருந்து ஏறிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், "நோம்பி முடிஞ்சுபோச்சா?" என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அம்மா சிரித்தாள், அத்தை சிரித்தார், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது. அப்பாடா என்ற சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரிந்தது அந்த வார்டில்தான்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா முதல் வேலையாகக் கொட்டகையைக் காலி செய்தார். சரவணம்பட்டி தாண்டி ஓர் இடம் பிடித்துச் சரக்கையெல்லாம் அங்கே கொண்டுபோனார். அங்கேயே குளித்து, துணி மாற்றி, பிறகுதான் வீட்டுக்கு வருவார். வீட்டிலிருந்து வாசம் அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை. சுண்ணாம்பு அடித்த பிறகும் மழைநாளில் சுவரிலிருந்து கிளம்பும். ஒருநாள் அம்மா தாளித்த கடுகும் பெருங்காயமும் தெருவரை மணத்தபோது எங்களுக்கே அதிசயமாக இருந்தது. காலையில் எழுந்ததும் அப்பா பூங்கொடியைக் கட்டிலோரம் நிறுத்தி, "ஊது கண்ணு" என்பார். அவள் கன்னத்தை உப்பி அவர் மூக்குக்கு நேரே ஊதுவாள். முகர்ந்துவிட்டு, "சுத்தமா இருக்குது, போ" என்ற பிறகுதான் அவருக்குக் காபி இறங்கும்.

இப்போது அந்தச் சந்தில் தகரக் கொட்டகை இருந்த இடத்தில் யாருடைய காரோ நிற்கிறது. சரவணம்பட்டி இடமும் கைமாறி ஐ.டி.க்காரர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியாகிவிட்டது. பழத்தண்ணி என்று சொன்னால் புரிந்துகொள்ள எங்களைத் தவிர ஆளில்லை. பூங்கொடி ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு பையனுக்குத் தாய். மேல்கையில் பொத்தான் மாதிரி ஒன்றை ஒட்டியிருக்கிறாள். சர்க்கரை அளவு அவளுடைய போனில் வந்து நிற்கும், ஏறினாலும் இறங்கினாலும் அது கத்தும். யாரும் யாரையும் முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை.

ஊரெல்லாம் முகமூடி போட்டுத் திரிந்த அந்தப் பெருங்காய்ச்சல் அப்பாவுக்கும் வந்தது; அதில் போன மோப்பம் திரும்பவே இல்லை. மல்லிகையை மூக்கில் வைத்து அழுத்தினாலும் ஒன்றும் தெரியாது. அடுப்பில் பால் தீய்ந்தால் நாங்கள் சொல்ல வேண்டும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் அவர், "ஊது கண்ணு" என்கிறார். போனில் எண்ணைப் பார்த்து முடித்தவள், நரைத்த தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருக்கும் அவருக்கு முன்னால் குனிந்து ஊதுகிறாள். "சுத்தமா இருக்குது, போ" என்கிறார்.

போன வாரம் அவள் கிளம்பிப் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கப்பா, உங்களுக்குத்தான் ஒரு வாசமும் தெரியறதில்லயே, அப்பறம் எதுக்குங்க அவள ஊதச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அப்பா வாசலைப் பார்த்தபடியே சொன்னார். "தெரியறதில்லதான் அம்மணி. அவ ஊதறப்ப மூச்சு சூடா மூஞ்சில படுதில்ல, அது போதும் எனக்கு."