பாப்பாவை விட்டுவிட்டு ஏறிய மலை

அன்று விடியற்காலையில் பாப்பாவின் நெற்றியைத் தொட்டபோது சூடு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த என் கணவரின் நெற்றியையும் தொட்டேன். மூன்றில் எதை வைத்து எதை அளப்பது என்று தெரியவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"என்ன, டாக்டர் வேலை பாக்கறியா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"சுடுதுங்க."

"கம்பளிக்குள்ள இருக்கற புள்ள சுடாம ஜில்லுன்னா இருக்கும்?"

ஐம்பதுகளின் கடைசி அது. நாங்கள் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்த நாலு ஓட்டு வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அவர் ஒரு தொழிற்சாலை ஆபீசில் கிளார்க். ஆபீஸ்காரர்கள் சேர்ந்து ஒரு பஸ்ஸை அமர்த்தி, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் உல்லாசப் பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். காலையில் சிவகங்கை மலை. மத்தியானம் தும்கூருக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் ஒரு சுனை. எல்லாவற்றையும் காட்டி விளக்கிச் சொல்ல ஒரு கைடு. படிகள் செங்குத்து என்பதால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை அழைத்து வர வேண்டாம் என்று நோட்டீசில் போட்டிருந்தது. சாப்பாட்டுப் பொறுப்பு அவருடையது, அதனால் அவர் போகாமல் இருக்க முடியாது. நான் இருந்திருக்கலாம். ஆனால் பாப்பா பிறந்த பதினோரு மாதத்தில் மார்க்கெட்டையும் டாக்டர் வீட்டையும் தவிர நான் வேறெங்கும் போனதில்லை. போக வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் அன்று முழுவதும் என்னைப் பிடுங்கித் தின்றது.

பக்கத்து வீட்டு டீச்சர் பாப்பாவைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் ஆனவர், தனியாக இருந்தவர். காம்பவுண்டிலேயே தெர்மாமீட்டர் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். ஆறு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். வந்து, பாப்பாவின் தூக்கம் கலையாமல் அக்குளில் வைத்துப் பார்த்தார்.

"தொண்ணூத்தொன்பது. இதெல்லாம் ஒரு ஜுரமா? என் கிளாசுல பாதிப் பேர் இதோடதான் கணக்குப் போடறாங்க."

"நான் போகாம இருந்துடட்டுமா டீச்சர்?"

"ஏம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா?"

கேழ்வரகுக் கஞ்சி எந்தச் சொம்பில் இருக்கிறது, பாலை எத்தனை தரம் காய்ச்ச வேண்டும், வலப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தால் அழுவாள் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதியிருந்தேன். டீச்சர் அதைப் படித்துவிட்டு, "எழுத்து அழகா இருக்கு" என்று மட்டும் சொன்னார். பாப்பா விழிப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். விழித்து என்னைத் தேடினால் என்ன செய்வாள் என்பது பஸ் யஷ்வந்த்பூர் தாண்டியபோதுதான் உறைத்தது.

கைடு மப்ளரும் கோட்டுமாக, கையில் உரக்கப் பேசுவதற்கான ஒரு தகரக் குழலோடு டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கன்னடக்காரர். ஆனால் தமிழில் கன்னடத்தையும் இங்கிலீஷையும் கலந்து நிறுத்தாமல் பேசினார்.

"நாப்பத்திரண்டு தலை ஏறியிருக்கு. சாயந்தரம் நாப்பத்திரண்டு தலையை இறக்கி விடணும். நடுவுல யாராவது மலையிலயே சன்னியாசம் வாங்கிக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க சாமி, லிஸ்டுல அடிச்சுடறேன்."

"எங்க சூபரிண்டெண்ட்டை வேணா விட்டுட்டு வரலாம்" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. சூபரிண்டெண்ட் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி, "அப்படியே விட்டுட்டு வந்தா புண்ணியம்" என்றார். அப்போது மட்டும் நானும் சிரித்தேன். வெளியே பனி விலகி, வயல்களில் ராகிப் பயிர் தெரிந்தது. பஸ்ஸுக்குள் டீசல் நாற்றத்தோடு எலுமிச்சம்பழச் சித்ரான்னத்தின் வாசனையும் கலந்து வந்தது. அந்த வாசனை இப்போது எங்காவது வந்தால்கூட அந்த ஜன்னலோர சீட் ஞாபகத்துக்கு வரும்.

இந்தச் சிவகங்கை தமிழ் தேசத்துச் சிவகங்கை அல்ல. தும்கூர் ரோட்டில் டாபஸ்பேட்டையில் திரும்பினால் வரும் ஒற்றைக் கல்மலை. ஒரு பக்கம் பார்த்தால் நந்தி, இன்னொரு பக்கம் பார்த்தால் லிங்கம், மறு பக்கம் பிள்ளையார் என்று கைடு சொல்லிக்கொண்டே போனார். எனக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் மலையாகத்தான் தெரிந்தது. குகைக் கோயிலில் லிங்கத்தின் மேல் நெய்யை ஊற்றித் தேய்த்தார்கள். அது வெண்ணெயாகத் திரண்டு வந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாப்பாவுக்கு வாயில் வெண்ணெய் வைத்தால் எப்படி முகத்தைச் சுளிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, இந்நேரம் கஞ்சி குடித்திருப்பாளா, துப்பியிருப்பாளா என்று யோசனை போயிற்று.

இன்னும் மேலே ஏறினால் பாறைக்குள் ஒரு தீர்த்தம். பாறையில் உரல்குழி போல ஒரு துவாரம். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, இருட்டு. அந்தத் துவாரத்துக்குள் கையை விட்டுத் தண்ணீரைத் தொட வேண்டும். கைடு தகரக் குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"புண்ணியவந்தருக்கு மட்டும்தான் தண்ணி தட்டும். மத்தவங்களுக்குத் தட்டாது. மனசுல ஒண்ணை நெனச்சுக்கிட்டு கைய விடுங்க. தட்டினா காரியம் ஆச்சுன்னு அர்த்தம்."

வரிசையில் நின்றோம். ஒவ்வொருவராகக் குனிந்து, கையை விட்டு, "ஆங், தட்டுச்சு!" என்று கூவி, ஈரக் கையை உதறினார்கள். பின் சீட்டுக்காரருக்குக் கூடத் தட்டியது. "இவனுக்கே தட்டுச்சுன்னா உள்ள தண்ணி ரொம்பி வழியுதுன்னு அர்த்தம்" என்றார் சூபரிண்டெண்ட். அவர் மனைவி கையை விட்டு எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு பாறையில் கவிழ்ந்து படுத்தே விட்டார். எழுந்தபோது, அவர் கையோடு உள்ளே விட்டிருந்த கைக்குட்டை நனைந்திருந்தது.

"எதுக்குங்க?"

"பாப்பா நெத்தியில வைக்கலாம்னு" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. காலையிலிருந்து கேலி பேசிய மனிதர்.

என் முறை வந்தது. பாப்பாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நினைத்துக்கொண்டு கையை விட்டேன். முழங்கை வரை போயிற்று. விரல்களில் குளிர்ந்த காற்று பட்டது. இன்னும் கொஞ்சம் குனிந்தபோது கண்ணாடி வளையல்கள் கல்லில் உரசிச் சத்தம் போட்டன. வளையல் உடைந்தால் அவருக்கு ஆகாதே என்ற பயத்தில் சட்டென்று கை பின்னுக்கு வந்துவிட்டது. மறுபடி விட்டேன். மறுபடியும் காற்றுதான். பின்னால் வரிசை நின்றது.

"தட்டுச்சா அம்மா?" என்றார் கைடு.

"ம்" என்றேன்.

காய்ந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நகர்ந்தேன். பத்தாவது வகுப்பில் விஞ்ஞானப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவள் நான். துவாரத்தின் ஆழமும் என் கையின் நீளமும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் படி இறங்கும்போது அதெல்லாம் உதவவில்லை. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையை விட்டுவிட்டுச் சித்ரான்னம் சாப்பிட வந்தவளுக்குத் தண்ணீர் எப்படித் தட்டும்? காலையில் பால் கொடுக்காததால் மார்பு கனத்து வலித்தது. கீழே இலையில் பரிமாறிய சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

டாபஸ்பேட்டையில் பஸ் நின்றது. அங்கிருந்து ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் பெங்களூர். டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கினார். நான் எழுந்து என் கணவரிடம் போனேன்.

"என்னங்க, நான் இங்கயே இறங்கி வீட்டுக்குப் போறேன்."

"தனியாவா? உனக்கென்ன பைத்தியமா?"

"பெங்களூர் பஸ் இங்க நிக்குமாம். மனசு சரியில்ல. பாப்பா..."

"சாயந்தரம் காபி, பலகாரம் எல்லாம் என் பொறுப்பு. நான் எப்படி வர?"

"நீங்க வர வேணாம்."

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கைடு கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தார்.

"அம்மா, நாப்பத்தொண்ணு ஆயிடுமே! காட்டுல எண்ணும்போது எனக்கு உயிரே போயிடும்!"

காலையிலிருந்து என் புலம்பலைக் கேட்டிருந்த சூபரிண்டெண்ட் மனைவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தொண்ணூத்தொன்பதுக்கா இப்படித் துடிக்கிற? நானும் நாலு பெத்தவதான்மா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "விடுங்க, போகட்டும். இவளை வச்சுக்கிட்டு காட்டைப் பாத்தா காடும் அழும்" என்று என் பையை எடுத்து நீட்டினார்.

என் கணவரே வந்து என்னை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் நகர்ந்த பிறகுதான் கைக்குட்டை அவரிடமே இருந்தது தெரிந்தது.

அந்தக் காட்டை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும். மரங்களுக்கு நடுவே பாறையில் ஒரு சிறு குழி. அதில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்குமாம். விளிம்பு வரை நிற்கும், யார் வேண்டுமானாலும் குனிந்து அள்ளலாம். வெயிலே உள்ளே விழாதாம். என்னைத் தவிர எல்லோரும் அங்கே நின்று எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் கைடு கையை உயர்த்தித் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நிழலில் நானும் ஒருமுறை நின்றிருக்கலாமே என்று தோன்றும்.

ஊர் பஸ்ஸில் என் பக்கத்தில் மலையடிவாரத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி மடியில் அவரைக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். என் கன்னடம் அப்போது கடைக்குப் போதுமான கன்னடம். எங்கே போய்விட்டு வருகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். தண்ணீர் தட்டியதா என்று கேட்டாள். முன்பின் தெரியாதவள் என்பதால் உண்மையைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த வளையலோடயா விட்டே?" என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தாள். "முழங்கைக்கு மேல தள்ளிட்டு, தோள் கல்லுல படுற வரைக்கும் விடணும். வெயில் காலத்துல எங்களுக்கே எட்டாது."

எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாயிற்று. அடுத்த நிமிஷமே, உண்மையில் குழந்தைமேல் அக்கறை இருந்திருந்தால் வளையலைப் பற்றி நினைத்திருப்பேனா என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் நெலமங்கலாவில் இறங்கும்போது ஒரு கை அவரைக்காய் அள்ளி என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

மெஜஸ்டிக்கில் இறங்கி, பஸ் மாறி, காக்ஸ் டவுன் வந்து சேர ஐந்தரை ஆகிவிட்டது. டீச்சர் வீடு பூட்டியிருந்தது. எங்கள் வீடும் பூட்டியிருந்தது. எதிர் வீட்டிலும் யாருமில்லை. கொடியில் பாப்பாவின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரே நாளில் இவ்வளவு துணியா? வாந்தி எடுத்தாளா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களா? எந்த ஆஸ்பத்திரி? அவரைக்காய்கள் காம்பவுண்டில் சிதறின. தெருவுக்கு ஓடினேன். இஸ்திரி வண்டிக்காரர் கரியை ஊதிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மாவா? பாப்பாவ இடுப்புல வச்சிக்கினு சர்ச்சுக்குப் போனாங்களே. பாப்பா எனக்கு டாட்டா காட்டுச்சு."

சர்ச் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஓடி வந்த வேகத்தில் வாசல்வரை வந்துவிட்டேன். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரமாக நின்று எட்டிப் பார்த்தேன்.

கடைசிக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் டீச்சர் இருந்தார். எல்லோரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் தோளின் மேல் என் பாப்பாவின் முகம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நான் கொடுத்துவிட்டுப் போகாத ஒரு பூப்போட்ட கவுன். பின் பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஆட்டிக் காட்ட, வாயெல்லாம் எச்சில் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். உடம்புக்கு முடியாத குழந்தையின் சிரிப்பு அல்ல அது. என்னைத் தேடிய குழந்தையின் சிரிப்பும் அல்ல.

உள்ளே ஓடிப் போய்ப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் இல்லாமலும் அவள் நன்றாக இருப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது. வலிக்கவும் செய்தது. அப்படி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெரியவரும் உட்கார்ந்துவிட, பாப்பா கண்ணாடியைத் தேடிக் கழுத்தை நீட்டினாள். நீட்டியவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு கணம் யாரோ போலப் பார்த்தாள். பிறகு உதடு பிதுங்கியது. அந்த மௌனத்தில், சர்ச் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு அழுதாள்.

டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தார்.

"பத்து மணிக்கே ஜுரம் விட்டுடுச்சு. நாள் பூரா ஒரு சிணுங்கல் கிடையாது. நல்லா இருந்த புள்ளைய வந்து அழ வச்சிட்டியேம்மா!" என்றார் தாழ்ந்த குரலில், பாதிக் கோபத்தோடு.

"மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்று கையை நீட்டினேன். பாப்பா என்மேல் தாவினாள். இரண்டு கையாலும் என் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். அவளைச் சமாதானப்படுத்தியிருக்க வேண்டும். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, அவள் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.