மூணாவது ஆளு

மைக்செட் ராசாங்கத்தைக் கல்யாணத்துக்குப் பேசுகிறவர்கள் ஒரு தொல்லைக்குத் தயாராக இருக்க வேண்டும். மைக் ஒருவர் கைக்குப் போய்விட்டால், அவராகத் திருப்பிக் கொடுக்கும்வரை ராசாங்கம் அதை வாங்க மாட்டார். இலை போட்டு சோறு ஆறிக்கொண்டிருக்கும். வாழ்த்திப் பேச வந்த பெரிய மனுஷர் தன் தாத்தா கிணறு வெட்டிய கதையில் பாதிதான் வந்திருப்பார். பெண் வீட்டுக்காரர்கள் கண்ணைக் காட்டுவார்கள், கனைப்பார்கள், கடைசியில் வாய்விட்டே கேட்பார்கள். ராசாங்கம் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "அவுங்க முடிக்கட்டுங்க" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

பெரம்பலூரில் அவர் கடையும் என் சைக்கிள் கடையும் ஒட்டினாற்போல இருந்தன. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் மூச்சு விட்டால் எனக்குக் கேட்கும். அவர்மேல் எனக்குப் பிரியம் உண்டு. கோபமும் உண்டு, அது இன்னும் தீரவில்லை.

ஏனென்றால் அந்த மனுஷன் முதலில் இப்படி இருக்கவில்லை. எழுபதுகளில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு, இவ்வளவையும் வாடகை சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன காலத்தில், மைக்கைப் பிடுங்குவதில்தான் அவருக்குப் பேர். யாராவது இழுத்துப் பேசினால் பின்னாலிருந்து பூனை மாதிரி வருவார். "அண்ணன் அருமையாச் சொன்னாங்க, கை தட்டுங்க!" என்று சொல்லி முடிப்பதற்குள் மைக் அவர் கையில் இருக்கும். பிடுங்கப்பட்டவரே சிரித்துவிடுவார். எந்தச் சொல்லில் பிடுங்கினால் கூட்டம் குலுங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. பேசாமல் இருந்தால் வயிறு உப்பிவிடும் ஆள்.

எண்பத்தைந்தில் ராசாங்கம் வீடியோ டெக் வாங்கினார். லப்பைக்குடிக்காடு ஷஃபியுல்லா பாய் சார்ஜாவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் டிரைவராக இருந்தவர். ஊரோடு வந்துவிட முடிவு செய்து, கொண்டுவந்த கலர் டிவியையும் டெக்கையும் ராசாங்கத்துக்கே கொடுத்தார். கூடவே சில கேசட்டுகள். அதில் ஒன்றைப் போட்டுப் பார்த்த ராசாங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் மூன்று ஆண்கள். அவள் ஏதோ கேட்கிறாள், அவர்கள் பதில் சொல்கிறார்கள், கூட்டம் சிரிக்கிறது.

"என்ன பாய் இது?"

"மாப்பிள்ளை தேடுற ஆட்டம்யா. மொகத்தைப் பாக்கக் கூடாது. பேச்சை வெச்சே ஒருத்தனைச் சொல்லணும். அப்புறம் தடுப்பைத் தள்ளிருவாங்க. அமெரிக்காக்காரன் இருவது வருசமா டிவியில ஆடுறானாம். இங்கிலீஷ்காரன் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கான்."

"ஜாதகம்?"

"இல்ல."

"முறை?"

"அவன் ஊர்ல ஏதுய்யா முறை?" பாய் சிரித்தார். "பாக்குறதோட நிறுத்திக்க. நம்ம பக்கத்துல ஆடுனா அடிதடி ஆயிரும்."

சொல்புத்தி கேட்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறு வருஷம் அரும்பாவூரில் அங்கமுத்து வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. மைக்செட், டெக் இரண்டும் ராசாங்கம்தான். வந்து பேசிவிட்டுப் போனவன் அங்கமுத்துவின் மகன் அரியமுத்து. காது குத்தி, கறிச்சோறு போட்டு, ஊருக்குத் திரும்ப பஸ் வரும்வரை சொந்தக்காரர்கள் பந்தலில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் படத்தில் நாடா டெக்குக்குள் சிக்கிக்கொண்டது. கூட்டம் கத்தியது. வேறு படம் கையில் இல்லை. ராசாங்கம் பாயின் கேசட்டைப் போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, அந்த வெள்ளைக்காரி கேட்பதையும் அவர்கள் சொல்வதையும் தன் இஷ்டத்துக்குத் தமிழாக்கிச் சொன்னார். பந்தல் உருண்டு உருண்டு சிரித்தது. முடிந்ததும் யாரோ, "நாமளும் ஆடுவோம்ணே!" என்றார்கள். ராசாங்கத்துக்கு அது போதும்.

பந்தலுக்குக் குறுக்கே ஒரு வேட்டியைக் கட்டினார். அந்தப் பக்கம் மூன்று நாற்காலி. முதல் நாற்காலியில் சாமிதுரையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவன் ரெட்டிபாளையத்துக்காரன், சிமெண்ட் ஆலையில் வேலைக்கு இருந்தவன். அங்கமுத்துவின் தம்பி மகள் மலர்க்கொடிக்குச் சொந்தத் தாய்மாமன் மகன். தை பிறந்தால் தட்டு மாற்றிவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. காலையிலிருந்து பந்தலே இதைச் சொல்லித்தான் மலர்க்கொடியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தது. இரண்டாவது நாற்காலியில் எதிர்வீட்டுப் பெரியசாமி. மூன்றாவதுக்கு ஒருவரும் வரவில்லை. அரியமுத்து ஓடிவந்து உட்கார்ந்துகொண்டு, சொல்லாதே என்று ராசாங்கத்தைப் பார்த்துக் கண்ணடித்தான்.

கேள்வி கேட்கப்போகிறவள் மலர்க்கொடி. அரியமுத்து அவளுக்குப் பெரியப்பா மகன், அண்ணன். அது ராசாங்கத்துக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். எழுந்திருடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பான். தெரியாத்தனமாக அண்ணனையே சொல்லிவிட்டாள் என்றால் கூட்டம் என்ன சிரிப்புச் சிரிக்கும் என்று அவர் நினைத்தார். அதனால் வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம்ணே" என்றாள் மலர்க்கொடி. அத்தைகளும் சித்திகளும் தள்ளிவிட்டார்கள். ராசாங்கம் மைக்கை அவள் கையில் திணித்தார். புளியமரத்தில் கட்டியிருந்த குழாயை அவர் நிறுத்தவில்லை. அவள் மூச்சு விட்டதுகூட ஊருக்கே கேட்டது.

அவள் வாயாடிப் பெண்தான். கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டுக் கேட்டாள். "பொண்டாட்டி மொத நாளே சோத்தைக் கருக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"தண்ணியக் குடிச்சிட்டு வேலைக்குப் போயிருவேன்" என்றான் சாமிதுரை, பாதிக் குரலில்.

"மாமியா வூட்டுக்குப் போயிச் சாப்பிடுவேன்!" இது பெரியசாமி.

மூன்றாவது நாற்காலியிலிருந்து மூக்கால் ஒரு குரல் வந்தது. "கருகுனதைச் சொரண்டித் தின்னுட்டு, இன்னுங் கொஞ்சம் போடுன்னு கேப்பேன்."

பந்தல் அதிர்ந்தது. "சொல்லு பாப்பா, யாரு?" என்றார் ராசாங்கம். அவள் தரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மைக்கில், "மூணாவது ஆளு..." என்றாள்.

ராசாங்கத்துக்கு எந்தச் சொல்லில் பிடுங்க வேண்டும் என்று தெரியுமே. பிடுங்கினார். "மூணாவது ஆளாம்! மூணாவது ஆளுதான் மாப்பிள்ளை!" என்று குழாய் கிழியக் கத்தி வேட்டியை இழுத்துவிட்டார். மலர்க்கொடியின் கை மைக்கைத் தேடி நீண்டதை அவர் பார்த்தார். வெட்கத்தில் பிடிமானம் தேடுகிறாள் என்று நினைத்தாராம்.

சிரிப்பு வந்தது. வந்த சுருக்கில் நின்றுவிட்டது. சாமிதுரை எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனான். அவன் தாயார் ரெங்கம்மாள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்தாள்.

"மாமன் மவன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான். அண்ணன் கேக்குதாடி உனக்கு?"

மலர்க்கொடி ஏதோ சொல்ல வந்தாள். அவள் அம்மா ஆண்டாயி அடித்த அடியில் அது வாய்க்குள்ளேயே போய்விட்டது. விளையாட்டுத்தானே என்று ராசாங்கம் மைக்கில் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு முதன்முதலாக அவர் பேச்சை ஒருவரும் கேட்கவில்லை.

ரெங்கம்மாள் கல்யாணப் பேச்சை அதோடு நிறுத்தினாள். அதற்குப் பிறகு மலர்க்கொடிக்கு ஊரில் மூணாம் நம்பர் என்று பேர். டீக்கடையில் அந்தப் பேர், பஸ் நிற்கிற இடத்தில் அந்தப் பேர். அரியமுத்து வெட்கப்பட்டுக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். ஆண்பிள்ளைக்கு அது முடியும். ராசாங்கம் கேசட்டைப் பாயிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் வாடிக்கைக்காரர்கள் விடவில்லை. "அண்ணே, அண்ணன் தங்கச்சி ஆட்டம் போடுவீங்களாமே" என்று வந்து நிற்பார்கள். அவர் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு. அந்தப் பெண்ணை நான்தான் குழியில் தள்ளினேன் என்று தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும். அவர் மனைவி செல்லக்கண்ணு என்னைவிடத் தெளிவு. "எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? ரெங்கம்மா கால்ல விழுந்து, தெரிஞ்சேதான் அவனை உக்கார வெச்சேன்னு சொல்லிட்டு வாங்க" என்றாள். நானும் அதையே சொன்னேன். போகிறேன் போகிறேன் என்பார். முகூர்த்த மாசம் என்பார், மழை என்பார். சூடு ஆறட்டும் என்பார். பயம், வேறென்ன? ஊரெல்லாம் கேட்கப் பேசுகிற வாய்க்கு ஒரு வீட்டுக்குள் போய்ப் பேசத் தைரியம் இல்லை.

தை பிறந்தது. ரெட்டிபாளையத்திலிருந்து ஒருவர் வந்து சாமிதுரை கல்யாணத்துக்கு மைக்செட் பேசிவிட்டுப் போனார். ராசாங்கம் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் வந்தது. "பாத்தியா, கூடிப்போச்சு! சொந்தம் எங்கய்யா போவும்?" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பெண் யார் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. குழாய்க்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டு போனார்.

அங்கே போய்க் குழாய் கட்டி, மணமக்கள் பேரைச் சொல்லலாம் என்று மைக்கைத் தட்டிவிட்டு, பொண்ணு மலர்க்கொடி அரும்பாவூர்தானே என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டிருக்கிறார். "மலர்க்கொடியா? பொண்ணு முத்தாயி. இந்த ஊருதான்" என்றாராம் அவர். ராசாங்கம் மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

ஆண்டாயியும் மலர்க்கொடியும் வந்திருந்தார்கள். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு அத்தை வராமல் தீராது. தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்குப் போனபோது, மலர்க்கொடி ஆம்ப்ளிஃபயர் பக்கமாக வந்தாள். ராசாங்கம் எழுந்து நின்றார். இத்தனை மாசம் வராத பேச்சு அப்போது வந்தது.

"பாப்பா, அன்னைக்கு மூணாவதா உக்காந்தது உங்கண்ணன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன். நீ தெரியாமச் சொல்லிட்ட. தப்பு பூரா எம்மேலதான்."

அவள் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு இன்னும் கிட்டே வந்தாள்.

"எனக்கும் தெரியும்ணே. ஒரே வூட்டுல வளந்தவங்க, மூக்கால பேசுனா தெரியாமப் போயிருமா?"

"அப்புறம் ஏன் பாப்பா அவனைச் சொன்ன?"

"வேற யாரைச் சொல்றது? எதிர்வூட்டுக்காரரைச் சொன்னா ஊரு என்ன சொல்லும்? சாமிதுரை மாமாவைச் சொல்லலாம். எங்கப்பா, மாமன், அத்தைங்க அத்தனை பேரு முன்னாடி, இவரைத்தான் புடிச்சிருக்குன்னு மைக்குல எப்பிடிண்ணே சொல்றது? மனசுல இருக்கிறவரைச் சொல்ல வாய் வருமா?" அவள் குரல் இறங்கியது. "அதான் யோசிச்சு, 'மூணாவது ஆளு எங்கண்ணன், அண்ணனை உக்கார வெச்சு என்ன ஆட்டம், நான் வரல'ன்னு சொல்லி மைக்கைக் கொடுத்துரலாம்னு நெனச்சேன். ரெண்டு வார்த்தை சொன்னேன். நீங்க புடுங்கிட்டீங்க."

அன்றைக்கு அவள் கை மைக்கைத் தேடி நீண்டதை ராசாங்கம் பார்த்திருந்தார் அல்லவா.

"வூட்டுல சொன்னியா?"

"சொன்னேன். அம்மா நம்புச்சு. ஊரு பூரா குழாயில கேட்டதுக்கு எதிரா எங்கம்மா சொல்லி எடுபடுமா?"

அவர் மைக்கை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் நீட்டினார். "இப்பச் சொல்லும்மா. ரெட்டிபாளையம் பூரா கேக்கும். நான் கிட்டக்கூட வர மாட்டேன்."

மலர்க்கொடி மணவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாமிதுரை உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அந்தப் பெண் முத்தாயி, புதுத் தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பச் சொன்னா அந்தப் புள்ள என்ன பண்ணும்ணே?" என்றாள். "பாட்டுப் போடுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

ராசாங்கம் பாட்டுப் போட்டார்.

என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் அழுதார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, இதை நான் மறைக்கப்போவதில்லை. தை பிறப்பதற்கு முன்னால் ஒரு தடவை அரும்பாவூருக்கு பஸ் ஏறியிருந்தால், அவள் இதை அப்போதே சொல்லியிருப்பாளே என்று முகத்துக்கு நேரே கேட்டேன். தெரியுது என்றார். அன்றிலிருந்துதான் யார் கையிலிருந்தும் மைக்கை வாங்குவதில்லை. நல்ல பழக்கம்தான். யாருக்கு என்ன பிரயோசனம்?

எண்பத்தொன்பதில் மலர்க்கொடியைத் துறையூர்ப் பக்கம் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். கூலி வாங்காமல் மைக்செட் கட்டுகிறேன் என்று ராசாங்கம் அரும்பாவூருக்கு ஆள் அனுப்பினார். ஆள் திரும்பி வந்தான். கல்யாணத்துக்கு மைக்செட்டே வைக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டதாம்.