ஓசி வாடிக்கையாளர்

செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு இருக்கிறது. கீழே நாங்கள் குடியிருக்கிறோம். மாடி அறைகளை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் உண்டு, மாதக்கணக்கில் தங்குகிறவர்களும் உண்டு. கணவர் மின்வாரியத்தில் வேலை பார்ப்பதால் அறைகளின் பொறுப்பு முழுக்க என்னுடையது. அதில் பெரிய வேலை படுக்கை விரிப்புகளைத் துவைப்பது. பழைய வாஷிங் மெஷின் ஒருநாள் சுற்ற மறுத்துவிட, பெரியதாக ஒன்று வாங்கலாம் என்று தேரடி வீதியில் ஒரு கடைக்குப் போனேன்.

மெஷினைத் தேர்ந்தெடுத்து, பேரம் பேசி, கிரெடிட் கார்டை நீட்டினேன். கடைக்காரர் செருகிப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் செருகினார்.

“டிக்ளைன்னு வருதும்மா.”

“அப்படி வராதுங்களே. இன்னொரு தடவ பாருங்க.”

பார்த்தார். அதே பதில்தான் வந்தது. எனக்குப் பின்னால் ஒரு தம்பதி பில் போடக் காத்திருந்தார்கள். கடைக்காரர் நல்ல மனிதர். அவர்கள் காதிலும் விழும்படி, “நெட்வொர்க்கு சரியில்லம்மா, காலையிலேர்ந்து இப்படித்தான்” என்றார். சற்று முன்புதான் அதே கருவியில் வேறொருவர் கார்டு தேய்த்துவிட்டுப் போனதை நான் பார்த்திருந்தேன். வங்கிக் கணக்கிலிருந்து போன் வழியாகவே பணத்தை அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். மெஷின் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டது. ஆக, எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் ஏன் என்கிற கேள்வி மட்டும் என்னோடு வீடு வரை வந்தது.

போனில் வந்து குவிந்திருந்த விளம்பரச் செய்திகளுக்கு நடுவே அது கிடந்தது. என் கார்டின் கடன் வரம்பு ‘மாற்றியமைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. முன்பு இருந்ததில் கால் பங்குதான் மிச்சம்.

அந்தக் கார்டு என்னிடம் பல வருடங்களாக இருக்கிறது. ஒரு மாதம்கூட நான் தாமதமாகக் கட்டியதில்லை. பில் வந்த அன்றோ மறுநாளோ முழுத்தொகையையும் கட்டிவிடுவேன். சின்ன வயதில், அப்பா வாங்கிய கடனுக்காக, கடன் கொடுத்தவர்கள் எங்கள் கிணற்று மோட்டாரைக் கழற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவள் நான். பாக்கி என்ற சொல்லே எனக்கு ஆகாது. கார்டில் செலவழித்து ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கம்பெனி புள்ளிகள் கொடுக்கும். அதைச் சேர்த்து ஒரு மிக்ஸி வாங்கியிருந்தேன். நல்ல மாணவிக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த பரிசு போல அதைச் சமையலறையில் வைத்திருந்தேன்.

மறுநாள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசினேன். பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஓர் இளைஞன் வந்தான்.

“இன்டர்னல் பாலிசி மேடம்.”

“நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?”

“இல்ல மேடம். உங்க ரெக்கார்டு ரொம்ப நல்லா இருக்கு.”

“அப்ப ஏன் குறைச்சீங்க?”

“அதான் மேடம், இன்டர்னல் பாலிசி.”

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். இதுவரை என்ன உதவி செய்தான் என்று யோசிப்பதற்குள் வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் என் தம்பி வந்தான். சொந்தமாக ஒரு கார் வாங்கி சவாரி ஓட்டுகிறான். எங்கள் மாடியில் தங்குகிறவர்களை சென்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவன்தான். அவனிடமும் அதே கம்பெனியின் கார்டு இருந்தது. நான் கதையைச் சொன்னதும் சிரித்தான்.

“எனக்குப் போன வாரம்தான்க்கா லிமிட்ட ஜாஸ்தி பண்ணாங்க. நான் கேக்கவே இல்ல.”

போனைக் காட்டினான். என்னுடையதில் குறைந்தது எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு அவனுக்குக் கூடியிருந்தது. அவன் ஒவ்வொரு மாதமும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவன் என்பது எனக்குத் தெரியும். சில மாதங்களில் அதையும் தேதி தப்பிக் கட்டுவான்.

அன்றுவரை எனக்கு இருந்தது கோபம். அவன் போனைப் பார்த்த பிறகு அது வேறு ஒன்றாக மாறியது. கோபத்தைவிட, அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் பெரிதாக இருந்தது. கலெக்டர் ஆபீஸ் வேலையாக வேங்கிக்கால் போனபோது வழியில் அந்தக் கார்டை வாங்கித் தந்த வங்கியின் கிளையிலும் நுழைந்து கேட்டேன். அங்கிருந்த அதிகாரி, “கார்டு எங்க கையில இல்லம்மா. அது தனி கம்பெனி. எனக்கே போன வருஷம் கம்மி பண்ணாங்க” என்று தன் குறையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

விடை எங்கள் மொட்டைமாடியிலேயே இருந்தது. அப்போது மேலே ஓர் அறையில் சென்னைக்காரப் பெண் ஒருவர் தங்கியிருந்தார். என் வயதுதான் இருக்கும். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. விடியற்காலையில் கிரிவலம் போய்விட்டு வந்து பகல் முழுக்க அமைதியாக இருப்பார். ஒருநாள் நான் விரிப்புகளைக் காயப்போட்டுக் கொண்டிருந்தபோது தானாகவே வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வாஷிங் மெஷின் எப்படி என்று கேட்டார். நான் கார்டு கதையைச் சொன்னேன். அவர் விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கினார்.

“நான் அந்த வேலையிலதாங்க இருந்தேன்.”

“எந்த வேலைங்க?”

“யாருக்கு லிமிட் ஏத்தறது, யாருக்குக் குறைக்கறதுன்னு பார்க்கற டீம். உங்க கம்பெனி இல்ல, வேற கம்பெனி. ஆனா எல்லாம் ஒண்ணுதான்.”

என் கையிலிருந்த கிளிப்புகள் கீழே விழுந்தன. இருவரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தோம். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். என்னைப் பற்றிய கோப்பை எடுத்து யார் பார்த்தது, என்ன குறை கண்டார்கள் என்று.

“யாரும் உங்களைப் பார்க்கலைங்க. ஒரு கணக்கு எழுதி ஓட விடுவோம். பெரிய லிமிட் வெச்சுக்கிட்டு கொஞ்சமா செலவு பண்றவங்க, வட்டியே கட்டாதவங்க, எல்லாரும் அதுல சிக்குவாங்க. உங்களுக்காகப் பணத்த ஒதுக்கி வெச்சு எங்களுக்கு என்ன வருமானம்?”

“கடைக்காரர்கிட்ட கமிஷன் வாங்கறீங்கல்ல?”

“வாங்குவோம். அதுல முக்கால்வாசி உங்களுக்குப் பாயிண்ட்ஸா திரும்பிப் போயிடும். நீங்க வருஷக் கட்டணமும் கட்டறதில்ல. அது யார் காசுல நடக்குதுன்னு நினைக்கறீங்க?”

அவரே சிரித்துக்கொண்டு தொடர்ந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஆபீஸ்ல உங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு பேர் உண்டு. ஓசி கஸ்டமர்னு சொல்வாங்க.”

சுருக்கென்று இருந்தது. யார் வீட்டுக் கல்யாணத்திலும் மொய் எழுதாமல் நான் பந்தியில் உட்கார்ந்ததில்லை. ஆனால் அந்தச் சுருக்கு சீக்கிரமே போய்விட்டது. இத்தனை வருடங்களாக அந்தக் கம்பெனி என்னைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயத்தை முதல்முறையாகக் கேட்கிறேன். நான் என்னைப் பார்த்த விதத்துக்கு அது நேர் எதிராக இருந்தது. அதுவே எனக்கு வேடிக்கையாக இருந்தது.

“அப்ப நான் கட்டாம விட்டா நல்ல பேர் வாங்கிடுவேனா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் கட்டணும், கொஞ்சம் விடணும். மொத்தமா விட்டாலும் ஆகாது. ஆனா பண்ணாதீங்க, வட்டி உங்களுக்குப் பழக்கமில்ல.”

பண்ணினேன். கணவர், “உனக்கு வேற வேலையே இல்லையா” என்றார். அறை வாடகை கையில் இருந்தது. முழுத் தொகையையும் கட்ட முடியும். முடிந்தும் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் அனுப்பினேன். அடுத்த மாதமும் அதையே செய்தேன். வந்த பில்லைப் பார்த்துத் திகைத்தேன். பாக்கிக்கு மட்டும்தான் வட்டி என்று நினைத்திருந்தேன். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி, அதற்குப் பிறகு வாங்கிய மளிகைக்கும் அன்றையிலிருந்தே வட்டி, அந்த வட்டிக்கு மேல் வரி. தெருவில் வட்டிக்கு விடுகிறவரே இதைக் கேட்கக் கொஞ்சம் கூச்சப்படுவார்.

சில நாட்களில் போன் வந்தது. ஒரு பெண் குரல்.

“வாழ்த்துகள் மேடம். உங்க கார்டு மேல பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு. டாக்குமென்ட் எதுவும் வேணாம். உங்க லிமிட்டையும் பழையபடி ஏத்தித் தர்றோம்.”

எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் அது நிஜமாகவே நடந்தபோது, சோற்றுப் பானையின் மூடி தானாகத் திறந்தது போல ஆச்சரியமாக இருந்தது.

“ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க மேடம்.”

“இத்தன வருஷமா முழுசா கட்டினேன். ஒருத்தரும் கூப்பிடல. இப்ப பாக்கி வெச்சதும் வாழ்த்து சொல்றீங்க. ஏன்?”

அந்தப் பக்கம் அவளைச் சுற்றிப் பலர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

“எங்களுக்கு லிஸ்ட் வரும் மேடம். ஏன் வருதுன்னு சொல்லமாட்டாங்க.” பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “இந்தக் கால் ரெக்கார்டு ஆவுது மேடம். வேணாம்னா வேணாம்னு தெளிவா சொல்லிடுங்க. யோசிக்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க, திரும்பத் திரும்பக் கூப்பிடச் சொல்வாங்க.”

“வேணாம்மா” என்றேன்.

“தேங்க்ஸ் மேடம்” என்றாள். அவளுக்கு எந்த ஊர் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அதற்குள் அடுத்த அழைப்புக்குப் போய்விட்டாள்.

அன்றே மொத்தத்தையும் கட்டினேன். அதற்கடுத்த மாதமும் ஒரு சிறு வட்டி வந்தது, பில் போட்ட நாளுக்கும் நான் கட்டிய நாளுக்கும் இடைப்பட்டதற்கு. அதையும் கட்டினேன். சென்னைக்காரப் பெண்ணிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “நான் அத்தன வருஷம் வேலை பார்த்தேன், ஒரு கஸ்டமர்கிட்டகூட உட்கார்ந்து பேசினதில்ல” என்றார். வேலையை ஏன் விட்டார் என்று அப்போதும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மழை தொடங்கும் முன்பு அறையைக் காலி செய்துகொண்டு போனார்.

தம்பியிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. ஒரு காலையில் அவன் எங்கள் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் என் பில்லை எடுத்துக்கொண்டு போய், வட்டி எப்படி ஏறுகிறது என்று அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். அவனுக்கு ஒரு ரகசியத்தைத் திறந்து காட்டுவதாக எனக்கு நினைப்பு. அவன் துணியைப் பிழிந்தபடி கேட்டான். முடித்ததும் சொன்னான்.

“எனக்குத் தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா இப்படிக் கட்டற?”

“வண்டி டியூ மாசத் தொடக்கத்துல போயிடுது. சீசன் இல்லாத மாசத்துல கையில இன்னா இருக்கும்? டீசல் போட்டாதான் அடுத்த சவாரி. டயர் போனா யார்கிட்ட போய் நிக்கறது? அவங்க ஒருத்தங்கதான் எதுவும் கேக்காம குடுக்கறாங்க.”

“என்னாண்ட கேட்டிருக்கலாமே.”

“உன்னாண்ட கேட்டா நீ குடுப்ப. குடுத்துட்டு ஒரு மணி நேரம் பேசுவ.”

அவன் சக்கரத்துக்குத் தண்ணீர் அடிக்கப் போனான். நான் அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். அது யார் காசில் நடக்கிறது என்று அந்தச் சென்னைக்காரப் பெண் கேட்டது இப்போதுதான் முழுதாக விளங்கியது. என் தம்பி மாதாமாதம் கட்டிய வட்டியில்தான் எனக்குப் புள்ளிகள் வந்தன. அந்த மிக்ஸி அவன் வாங்கிக் கொடுத்தது. அதில் அரைத்த சட்னியை எங்கள் வீட்டில் அவனும் சாப்பிட்டிருக்கிறான், நன்றாக இருக்கிறது என்று சொல்லி.

அந்த வாரமே என் வளையல்களை வங்கியில் நகைக்கடனுக்கு வைத்தேன். நகைக்கடன் வட்டி கார்டு வட்டியின் பக்கத்தில்கூட வராது. அந்தப் பணத்தில் அவன் கார்டுப் பாக்கியை மொத்தமாக அடைப்பது, நகைக்கடனை அவன் மாதாமாதம் கட்டுவது என்று பேச்சு. மிக்ஸி யார் காசில் வந்தது என்பதையும் அவனிடம் சொன்னேன். அப்படியும் அவன் முதலில் பணத்தை வாங்க ஒப்புக்கொள்ளவில்லை. அவன் மனைவிதான், “அண்ணி குடுக்கறாங்க, வாங்கிக்கோங்க. பேசினா நான் கேட்டுக்கறேன்” என்றாள். நான் பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன், அது வளையலைக் கழற்றியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இப்போது அவன் ஒழுங்காகக் கட்டி வருகிறான். ஒரு மாதம் தவறியது, சொல்லிவிட்டுத்தான் தவறினான். வளையல்கள் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன. கார்டை இருவருமே வைத்திருக்கிறோம். அவன் டீசலுக்கு மட்டும் போடுகிறான், பில் வந்ததும் கட்டிவிடுகிறான்.

போன வாரம் பேருந்து நிலையத்தில் ஒரு சவாரியை ஏற்றப் போகும் வழியில் வீட்டுக்கு வந்து காபி குடித்தான். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தவன், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

“ஏன்க்கா, இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து யாரு கட்டறாங்க?”

“தெரியலடா” என்றேன்.

“யாரோ கட்டறாங்க இல்ல?”

“கட்டிக்கிட்டுதான் இருப்பாங்க.”

அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.