காதர் பாய் மாட்டிய கண்ணாடி

அவலூர்பேட்டை பஸ் கண்டக்டர்தான் வந்து சொன்னார். சந்தைக் கூடைகளை இறக்கிவிட்டு என் கடை வாசலில் நின்று, "அக்கா, கண்ணாடிக் கடை பாய் போய்ட்டாரு. நேத்து, மக வூட்டுல" என்றார். அப்போது ஒரு பெண்ணின் கையில் பாதி வளையல் ஏற்றியிருந்தேன். பிடித்த கையை டஜன் நிறையாமல் விடக்கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். மீதி ஆறையும் போட்டு முடித்த பிறகுதான் அழுதேன்.

செஞ்சிக் கடைத்தெருவில் காதர் பாயைத் தெரியாதவர் யார்? சாமி படமோ கல்யாணப் போட்டோவோ, சட்டம் போட அவரிடம்தான் போவோம். சொன்ன நாளில் அவர் வேலையை முடித்துக் கொடுத்ததாக இந்த ஊரில் ஒருவரும் சாட்சி சொல்ல முடியாது. கேட்டால் "பசை காயலம்மா" என்பார். சித்திரை வெயிலிலும் அவர் பசை காயாது.

அவர் கடைக்கு எதிரே இருந்த வளையல் கடையில் நான் வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் இறந்து, இரண்டு பிள்ளைகளோடு நின்ற எனக்கு அந்த வேலைதான் சோறு. திடீரென்று கடையில் ரிப்பன், சீப்பு, பவுடர் டப்பா என்று சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலாளி சில நாள் முறைத்தார். பிறகு வாய்விட்டே கேட்டார்: "உன்னைத் தவுர கடையில வேற யாரு இருக்குது? நாளையிலேர்ந்து வராத." ஊர் சின்னது. திருடி என்று பெயர் எடுத்தவளை வேறு எந்தக் கடையில் சேர்ப்பார்கள்?

சத்தம் கேட்டு பாய் தெருவைத் தாண்டி வந்தார். "ஒரு நாள் பொறுங்க மொதலாளி" என்று மட்டும் சொன்னார். மறுநாள் தன் மனைவியை அழைத்து வந்து வளையல் போடச் சொன்னார். நான் குனிந்து போட்டு முடித்து நிமிர்ந்தபோது, பாய் சட்டைப் பையிலிருந்து மூன்று சீப்பும் ஒரு பவுடர் டப்பாவும் எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

"உங்க சாமான்தான். இப்பதான் எடுத்தேன். ரெண்டு பேரும் கடையிலதான் இருந்தீங்க" என்றார். எதுவும் தெரியாமல் வந்த அவர் மனைவி, "இந்த வயசுல திருடவும் கத்துக்கினாரா" என்று தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே போனார்.

கை பிடித்துவிட்டால் என் கண் வளையலைவிட்டு நகராது. சீப்புத் தட்டோ என் முதுகுக்குப் பின்னால். கல்லாவில் இருக்கும் முதலாளிக்குத் தூண் மறைக்கும். "ஆளத் தேடாதீங்க, கண்ணு போகாத எடத்தத் தேடுங்க" என்றார் பாய். என் மணையை அவரே சுவரை ஒட்டி, கடையைப் பார்த்தாற்போலத் திருப்பிப் போட்டார். தட்டை எனக்கு முன்னால் கொண்டுவந்தார். வாங்க வருகிறவர்கள் கூடைகளை உள்ளே கொண்டுவராமல் வைக்க வாசலிலேயே ஒரு பலகை அடித்தார். தூண் மறைக்கும் இடம் கல்லாவிலிருந்தே தெரியும்படி, அதில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து மாட்டினார். 'திருடினால் போலீஸ்' என்று எழுதி வைக்க முதலாளி ஆசைப்பட்டார். "கல்யாணத்துக்கு வளையல் போட வர்றவங்க மொகத்துக்கு நேராவா அத மாட்டுவீங்க?" என்று பாய் தடுத்துவிட்டார்.

பாயின் கணக்கு ஒரே ஒரு இடத்தில் தப்பியது. சந்தை நாளில் வந்த பெண்கள் அத்தனை பேரும் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு சரிசெய்ய, உள்ளே வர வழியில்லை. "இத நான் யோசிக்கலியே" என்று தலையைச் சொறிந்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு சீப்புகூடக் காணாமல் போகவில்லை. முன்னால் எடுத்தது யார் என்பது கடைசிவரை தெரியவும் இல்லை. முதலாளி என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கு அதுவே பெரிது.

தனியாகக் கடை வைத்த பிறகு ஒருநாள் பாயிடம் கேட்டேன். "நான் எடுத்தனான்னு நீங்க ஒரு வார்த்த கேக்கவே இல்லியே பாய்?"

அறுத்துக்கொண்டிருந்த கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "கேட்டா, இல்லன்னு நீ சொல்லணும். அத ஒன்ன சொல்ல வெக்கறதே அசிங்கம் இல்லியா தங்கச்சி?"



போன வாரம் என் கடையில் ஒரு பவுடர் டப்பா காணோம். வேலைக்கு இருக்கும் செல்வி முகம் வெளுத்து, "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை.

"நீ என் எடத்துல உக்காரு. நான் ஒன் எடத்துல உக்கார்றேன். எங்க மறைக்குதுன்னு பாப்போம்" என்றேன்.